டைம்டேபிளில் நாற்பது நிமிடம்: தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கு,

வணக்கம். பள்ளி திறக்கப்போகிறது. இந்நேரம் உங்கள் மேசைமேல் ஒரு வெள்ளை சார்ட், நீள ஸ்கேல், சீவிய பென்சில், பெரிய ரப்பர் எல்லாம் வந்து சேர்ந்திருக்கும். எதிரே டைம்டேபிள் போடும் ஆசிரியர் உட்கார்ந்திருப்பார். அவரைச் சுற்றி நாலைந்து பேர் நின்றுகொண்டு, "சார், வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு மட்டும் எனக்குப் போட்டுடாதீங்க" என்று கெஞ்சிக்கொண்டிருப்பார்கள். அந்த நாற்காலியில் 14 ஆண்டுகள் உட்கார்ந்தவன் நான். கணக்கு ஆசிரியராக இருந்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஓய்வு பெற்றேன். இனி எனக்கு ஒழுங்கு நடவடிக்கை என்று 17பி குறிப்பாணை எல்லாம் வராது என்பதால் கொஞ்சம் தைரியமாகவே எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். இந்த ஆண்டு சார்ட்டில் கோடு போடும்போது தினமும் ஒரு பாடவேளையைக் காலியாக விடுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பத்து வரை எல்லாப் பிரிவுக்கும் அது ஒரே நேரத்தில் வர வேண்டும். அந்தக் கட்டத்துக்குள் தமிழ், கணக்கு என்று எந்தப் பாடத்தின் பெயரும் வேண்டாம். அந்த நேரத்தில் எந்தப் பிள்ளைக்கு எது தேவையோ அதற்கான ஆசிரியரிடம் அந்தப் பிள்ளை போகட்டும். அப்புறம் மணி அடித்ததும் வழக்கம்போல வகுப்புக்குத் திரும்பட்டும்.

ஏன் இதைக் கேட்கிறேன் என்பதற்கு ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அன்று அறிவியல் ஆசிரியர் லீவு. மாற்று ஏற்பாட்டில் என்னை ஒன்பதாம் வகுப்பு பி பிரிவுக்கு அனுப்பினார்கள். அது நான் பாடம் எடுக்கும் பிரிவு இல்லை. நடத்த ஒன்றும் இல்லாததால் அவர்கள் கணக்கு நோட்டை எடுக்கச் சொல்லிவிட்டு பெஞ்சு பெஞ்சாக நடந்தேன். பல்லுறுப்புக் கோவை ஓடிக்கொண்டிருந்தது. கடைசி பெஞ்சில் ஒருவன் 7எக்ஸிலிருந்து 12எக்ஸைக் கழித்து 5எக்ஸ் என்று எழுதியிருந்தான். குறியை மறந்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். எதற்கும் பார்ப்போம் என்று நோட்டின் ஓரத்தில் 52 எழுதி, அதன் கீழே 38 எழுதி, கழிக்கச் சொன்னேன். அவன் தயங்கவே இல்லை. 26 என்று எழுதினான்.

"எப்படிடா?" என்றேன். "எட்டுல இருந்து ரெண்டு போனா ஆறு சார், அஞ்சுல இருந்து மூணு போனா ரெண்டு. பெருசுல இருந்துதானே சார் சின்னதைக் கழிக்கணும்?" என்றான்.

பாருங்கள், அவனிடம் ஒரு விதி இருக்கிறது. மூன்றாம் வகுப்பில் எங்கோ அரைகுறையாகக் காதில் விழுந்த விதி. அதை ஆறு ஆண்டுகளாக ஒழுங்காகக் கடைப்பிடித்து வந்திருக்கிறான். 52-இல் தப்பாகப் போன அதே விதிதான் 12எக்ஸிலும் தப்பாகப் போயிருக்கிறது. அவனுடைய கணக்கு ஆசிரியர் திறமையானவர். ஆனால் 44 பிள்ளைகளுக்கு நடுவே பல்லுறுப்புக் கோவையை நடத்திக்கொண்டே ஒருவனின் மூன்றாம் வகுப்புக் கழித்தலைத் தோண்டி எடுக்க அவரால் எப்படி முடியும்? எனக்கு மட்டும் எப்படி முடிந்தது என்றால், அன்று எனக்குப் போர்ஷன் இல்லை. வேறு காரணமே கிடையாது.

அப்புறம் அவனை மூன்று நாள் மதிய இடைவேளையில் கூப்பிட்டேன். ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்து, ஒரு கட்டைப் பிரித்தால்தான் எட்டு குச்சி எடுக்க முடியும் என்று அவன் கையாலேயே செய்யவைத்தேன். மொத்தம் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மூன்றாம் நாள் ஒரு கட்டைப் பிரிக்கும்போது தானாகச் சிரித்தான். நான் சந்தோஷப்பட்டேன்தான். ஆனால் அந்த மூன்று நாளும் அவன் சத்துணவைச் சாப்பிட்டுவிட்டு, ஜன்னல் வழியாகக் கபடி ஆடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே குச்சியை எண்ணினான். உதவி என்ற பெயரில் அவனுக்கு இருந்த ஒரே விளையாட்டு நேரத்தை நான் பிடுங்கியிருந்தேன்.

நம் பள்ளிகளில் பின்தங்கிய பிள்ளைக்கு உதவி என்றாலே இப்படித்தான் ஆகிறது. அவர்களுக்குச் சொந்தமான நேரத்திலிருந்துதான் எடுக்கிறோம். காலை எட்டரைக்குச் சிறப்பு வகுப்பு, மாலையில் சிறப்பு வகுப்பு, சனிக்கிழமை சிறப்பு வகுப்பு. மாலை வகுப்புக்கு உட்காருபவர்களுக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகமோ ஊர்க்காரர் யாரோ சுண்டல் கொடுப்பார்கள். அந்தச் சுண்டலைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சில பிள்ளைகள் அதற்காகவே உட்காருவார்கள். ஆனால் யார் உட்காராமல் போகிறார்கள் என்று ஒரு நாள் வாசலில் நின்று பாருங்கள். நாலே முக்கால் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஏழு மணிக்குத்தான் என்கிற ஊரிலிருந்து வரும் பெண் பிள்ளை. 2021-லிருந்து பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது, நல்ல விஷயம். ஆனால் வராத பஸ் இலவசமாக இருந்து என்ன பயன்? அப்புறம் அங்கன்வாடியிலிருந்து தம்பியைக் கூட்டிவர வேண்டியவள், மாலையில் டீக்கடையில் கிளாஸ் கழுவப் போகிறவன், அம்மா வேலையிலிருந்து வருவதற்குள் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டியவள். சிறப்பு வகுப்பு யாருக்காக என்று நாம் நினைக்கிறோமோ, மணி அடித்ததும் முதலில் கிளம்புவது அவர்கள்தான். உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் எப்படியும் பாஸ் ஆகிறவர்கள்.

மாலை முடியாவிட்டால் பி.இ.டி. பீரியடில் கை வைக்கிறோம். நானும் வைத்திருக்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது. உடற்கல்வி ஆசிரியரிடம் போய், "சார், ஒரு பீரியடு கொடுங்க, போர்ஷன் முடியல" என்று கேட்டால் அவரும் பாவம், இல்லை என்று சொல்ல மாட்டார். விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலின், விளையாட்டு வகுப்பைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்காதீர்கள் என்று மேடையிலேயே ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். நாம் சிரித்துவிட்டு அடுத்த வாரம் மறுபடி கடன் கேட்டோம். டைம்டேபிளில் உதவிக்கென்று ஓர் இடம் இல்லாதவரை இந்தக் கடன் தீரவே தீராது. நூலகப் பாடவேளையும் நீதிபோதனையும் ஓவியமும் இதே கதைதான். சார்ட்டில் அழகாக எழுதியிருக்கும், நடக்காது.

சரி, நாற்பது நிமிடத்துக்கு எங்கே போவது என்பீர்கள். கணக்கு வாத்தியாரிடம் கேட்டால் கணக்குதான் சொல்வேன். எங்கள் பள்ளியில் எட்டுப் பாடவேளை, ஒவ்வொன்றும் 45 நிமிடம். பெயருக்குத்தான் 45. ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்கு நடந்து, வணக்கம் வாங்கி, கரும்பலகையைத் துடைக்கச் சொல்லி, சாக்பீஸ் எடுக்க ஒருவனை அனுப்பி முடிக்கும்போது ஐந்து நிமிடம் போயிருக்கும். எட்டிலும் ஐந்தைந்து நிமிடம் கிள்ளினால் 40 நிமிடம் கையில் நிற்கிறது. பள்ளி நேரத்தை ஒரு நிமிடம்கூட நீட்ட வேண்டாம். உங்கள் பள்ளியில் ஏற்கெனவே 40 நிமிடப் பாடவேளை என்றால் கொஞ்சம் இறுக்கிப் பார்க்க வேண்டும். முப்பது நிமிடம் கிடைத்தாலும் போதும்.

சட்டம் இடிக்குமா என்றால், இடிக்காது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி ஆறு முதல் எட்டு வகுப்புக்கு ஆண்டுக்கு 220 வேலை நாள், 1,000 மணி நேரக் கற்பித்தல் வேண்டும். எட்டுப் பாடவேளையை 40 நிமிடமாகக் குறைத்தாலும் ஒரு நாளுக்கு 320 நிமிடம். 220 நாளால் பெருக்கினால் 1,173 மணி நேரம் வருகிறது. இதில் நான் கேட்கும் கூடுதல் பாடவேளையை நான் சேர்க்கவே இல்லை. அதே சட்டத்தின் 24ஆவது பிரிவைப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிப்பது ஆசிரியரின் கடமை என்று அதில் இருக்கிறது. கடமை இருக்கிறது, அதைச் செய்ய நேரம் எங்கே என்று எந்த டைம்டேபிளிலும் இல்லை. பின்லாந்தில் 1998ஆம் ஆண்டின் அடிப்படைக் கல்விச் சட்டம், படிப்பில் தற்காலிகமாகப் பின்தங்கிய பிள்ளைக்கு உதவிக் கற்பித்தல் பெறும் உரிமை உண்டு என்று எழுதிவைத்தது. அங்கே அது பிள்ளையின் உரிமை, இங்கே ஆசிரியரின் கடமை. இரண்டுக்கும் நேரம் வேண்டும்.

இதை ஏதோ காற்றில் பார்த்துச் சொல்லவில்லை. எங்கள் பள்ளியில் ஓர் ஆண்டு செய்து பார்த்தோம். அந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் விஷயத்தை ஆசிரியர் கூட்டத்தில் சொன்னேன். அப்போதிருந்த தலைமையாசிரியர் அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சார்ட்ல போட்டுக் காட்டுங்க சார், பார்க்கலாம்" என்றார்.

முதல் மாதம் கேவலமாக நடந்தது. அதை மறைத்துவிட்டு நல்லதை மட்டும் எழுதினால் நீங்கள் ஆரம்பித்த மூன்றாம் நாளே என்னைத் திட்டுவீர்கள். அதனால் சொல்கிறேன்.

அந்த நேரத்தைக் கடைசிப் பாடவேளையாக வைத்தோம். அதுதான் முதல் தப்பு. கடைசியில் வைத்த எதுவும் நம் பள்ளிகளில் பாடவேளையாக இருப்பதில்லை, வீட்டுக்குப் போகும் நேரத்தின் முன்பகுதியாகிவிடும். பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டே வந்தார்கள். சரி என்று முதல் பாடவேளைக்கு மாற்றினோம். இறைவணக்கக் கூட்டம் நீளும் நாளில் எல்லாம் அதைத் தின்றுவிட்டது. பஸ் தாமதமான பிள்ளைகளும் அதைத்தான் இழந்தார்கள், அதாவது யாருக்குத் தேவையோ அவர்களே. கடைசியில் காலை இடைவேளை முடிந்ததும் வரும்படி வைத்தோம். இடைவேளைக்கு எப்படியும் பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். திரும்பும்போது தன் வகுப்புக்குப் பதில் வேறு அறைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். வராந்தாவில் நடந்த திருவிழா அதோடு நின்றது.

அடுத்த சிக்கல் பட்டியல். யார் எங்கே போவது? நம் கையில் உடனே இருப்பது காலாண்டு மதிப்பெண். ஆனால் மதிப்பெண் எவ்வளவு என்று காட்டுமே தவிர எங்கே ஓட்டை என்று காட்டாது. 22 மதிப்பெண் எடுத்த இருவரில் ஒருத்திக்குப் பின்னம் தெரியாது, இன்னொருவனுக்குக் கேள்வியைப் படிக்கவே தெரியாது. அவனைக் கணக்கு அறைக்கு அனுப்பிப் பயனில்லை, தமிழம்மாவிடம்தான் அனுப்ப வேண்டும். அதனால் வெள்ளிக்கிழமைகளில் கால் பக்கத் தாளில் ஐந்தே கேள்வி கொடுக்க ஆரம்பித்தோம். மதிப்பெண் போடவில்லை, திருத்தி அடுக்கினோம். ஒரே மாதிரித் தப்பு செய்த தாள்களை ஒன்றாக வைத்தால் அதுதான் ஒரு குழு. ஆறாம் வகுப்புப் பெண்ணும் ஒன்பதாம் வகுப்புப் பையனும் ஒரே குழுவில் வந்தார்கள். சிலருக்கு அது கஷ்டமாக இருந்தது. கொஞ்ச நாளில் ஆறாம் வகுப்புப் பெண் ஒன்பதாம் வகுப்பு அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்தாள், அவனும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குழுக்களைக் கலைத்துவிடுவோம். இது முக்கியம். கலைக்காவிட்டால் அது 'மெல்லக் கற்போர் அறை' ஆகிவிடும். இந்தச் சொல்லை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது, மெல்லக் கற்கும் மாணவர் என்பதை மெ.க.மா. என்று சுருக்கி நோட்டீஸ் போர்டில் பெயர்களோடு ஒட்டிய பள்ளியை நான் பார்த்திருக்கிறேன். நாங்கள் கொஞ்சம் நாகரிகமாக அறைகளுக்கு வேம்பு, புங்கை, பூவரசு என்று பெயர் வைத்தோம். இரண்டே நாளில், "டேய், நீ பூவரசா?" என்று கேலி செய்ய ஆரம்பித்தார்கள். பிள்ளைகளை ஏமாற்ற முடியாது. பள்ளி முழுக்க எல்லாப் பிள்ளையும் எழுந்து எங்காவது போக வேண்டும், யாரும் தன் இடத்திலேயே உட்காரக் கூடாது. அப்போதுதான் எங்கே போகிறாய் என்பது கேலிக்குரிய கேள்வியாக இல்லாமல் போகும்.

எல்லாப் பிள்ளையும் என்றால் நன்றாகப் படிக்கிறவர்களும்தான். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் தேர்வு எழுதுபவர்கள் ஒரு அறையில். அதில் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும், ஒரு கிராமத்துக் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வுக்குத் தயாராகிறவர்களும் அங்கேயே. வாசிக்க விரும்புபவர்கள் நூலகத்தில். நூலகம் என்றால் எங்கள் பள்ளியில் இரண்டு பீரோவும் ஒரு மேசையும். ஆனாலும் அந்த ஆண்டுதான் அந்த பீரோக்களின் பூட்டுக்கு எண்ணெய் போட்டோம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தினமும் குட்டி வாத்தியாராக்கி மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க விடாதீர்கள். வாரம் ஒரு நாள் என்றால் அவர்களுக்கும் நல்லது. தினமும் என்றால் அது நம் வேலையை அவர்கள் தலையில் கட்டுவது.

நான் எதிர்பார்க்காத இன்னொரு பயனும் இருந்தது. லீவு எடுத்த பிள்ளைகள். ஊர்த் திருவிழாவுக்கு ஒரு வாரம், அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது பத்து நாள், பொங்கலுக்கு முன்னால் அறுவடைக்கு ஐந்து நாள். திரும்பி வந்தால் பாடம் எங்கோ போயிருக்கும். பக்கத்துப் பிள்ளையின் நோட்டை வாங்கிக் காப்பி அடித்துக்கொள் என்று சொல்வதுதான் நம் வழக்கம். அப்படி எழுதிய நோட்டில் எல்லாம் இருக்கும், தலையில் ஒன்றும் இருக்காது. அந்த நாற்பது நிமிடத்தில் நான்கு நாள் உட்கார்ந்தால் விட்டதைப் பிடித்துவிடுகிறார்கள். ஒருத்தி கேட்டாள், "சார், முன்னாடியே இது இருந்திருந்தா நான் ஏழாவதுல பின்னம் கத்துக்கிட்டிருப்பேன்ல?" அப்போது அவளுக்கு அம்மை போட்டிருந்ததாம், மூன்று வாரம் வரவில்லை. பின்னம் நடத்திய மூன்று வாரம்.

வாரத்தில் நான்கு நாள் இப்படி. ஐந்தாம் நாளை வகுப்பாசிரியருக்கு விட்டோம். அந்த நாளில் பாடம் இல்லை. தாளில் ஐந்து கேள்வி எழுதி முடித்ததும் சும்மா பேச்சு. வருமானச் சான்றிதழ் வாங்கியாயிற்றா, உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கில் பெயர் ஆதாரோடு பொருந்துகிறதா என்பதிலிருந்து, ஏன் இரண்டு நாளாக முகம் வாடியிருக்கிறாய் என்பது வரை. இதற்கெல்லாம் கவுன்சலிங் என்று பெரிய பெயர் வைக்கத் தேவையில்லை. கேட்க ஓர் ஆள், கேட்பதற்கு நேரம்.

என் மகள் குடும்பம் அமெரிக்காவில், டெக்சாஸில் இருக்கிறது. போன ஆண்டு போயிருந்தபோது, உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பேரன் "ஃப்ளெக்ஸ்ல இருந்தேன் தாத்தா" என்றான். விசாரித்தால் இதேதான். தினமும் 35 நிமிடம், எந்த ஆசிரியரிடம் போவது என்று லேப்டாப்பில் தானே பதிவு செய்துகொள்கிறான். அவன் பதிவு செய்யாவிட்டாலும், மதிப்பெண் இறங்கிய பாடத்தின் ஆசிரியர் அவன் பெயரைப் பிடித்துப் போட்டுக்கொள்ளலாம். அப்படிப் பிடித்துவிட்டால் அவன் வேறு எங்கும் போக முடியாது. சில பள்ளிகளில் இதற்கு 'வின்' என்று பெயர், 'எனக்கு என்ன தேவை' என்பதன் சுருக்கம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. நாம் கால் பக்கத் தாளில் செய்ததை அவர்கள் கம்ப்யூட்டரில் செய்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னேன். அவன் சிரித்தான். "பாதிப் பேர் சும்மா வீடியோ பார்ப்பாங்க தாத்தா" என்றான். அதுவும் உண்மையாகத்தான் இருக்கும். எங்கே போக வேண்டும் என்பதைப் பிள்ளையின் விருப்பத்துக்கு மட்டும் விட்டால், தேவை அதிகம் இருக்கிறவன்தான் நண்பனோடு போவான். யாரிடம் போகிறாய் என்று இரண்டு வாரம் நாம் சொல்ல வேண்டும், இரண்டு வாரம் அவன் சொல்லட்டும். எங்களுக்கு அது சரியாக வந்தது.

எதிர்ப்பு வரும். முதலில் பத்தாம் வகுப்பு ஆசிரியர்களிடமிருந்து. "எங்களுக்குப் போர்ஷன் முடியாது, அந்த நாற்பது நிமிடத்தை எங்களுக்கே கொடுங்கள்" என்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. ரிசல்ட் வந்ததும் முதன்மைக் கல்வி அலுவலர் கூட்டத்தில் எழுந்து நிற்கப்போவது அவர்களும் நீங்களும்தான். ஆனால் பத்தாம் வகுப்பில் நாம் ஓட்டுவது எல்லாம் ஆறாம் வகுப்பிலிருந்து தள்ளிப்போட்ட கடன். எட்டு வரை யாரையும் நிறுத்துவதில்லை என்பது சரியான கொள்கை, நான் அதற்கு ஆதரவானவன். நிறுத்தாமல் அனுப்புகிறோம் என்றால் கைபிடித்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். பத்தாம் வகுப்புக்கு அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு மட்டும் விலக்கு கொடுங்கள். ஜூனிலேயே கொடுத்தால் ஆகஸ்டில் ஒன்பதாம் வகுப்பும் கேட்கும்.

அப்புறம் ஆசிரியர்களின் ஓய்வுப் பாடவேளை. இதை மறைத்துப் பேச முடியாது. எல்லாப் பிரிவுக்கும் ஒரே நேரம் என்றால் எல்லா ஆசிரியரும் அந்த நேரத்தில் வேலையில் இருக்க வேண்டும். நான் வாரம் 28 பாடவேளை எடுத்தேன். ஓய்வாகக் கிடைக்கும் நேரத்தில்தான் நோட்டுத் திருத்துவது, எமிஸ் இணையதளத்தில் பிள்ளைகள் விவரம் ஏற்றுவது, ஒரு வாய் டீ. அதிலும் கை வைத்தால் யாருக்கும் கோபம் வரும். ஆனால் எட்டுப் பாடவேளையும் சுருங்கியிருப்பதால் ஒரு நாள் மொத்தம் கற்பிக்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் வராது. இதைச் சார்ட்டில் நிமிடக் கணக்காக எழுதிக் காட்டுங்கள். எங்கள் தமிழையா முதல் வாரம் அந்த நேரத்தில் பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டுக் கட்டுரை நோட்டுத் திருத்தினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் வாரம் அவரிடம் வந்த ஏழு பேரில் நான்கு பேருக்குச் சிக்கல் ஒற்று மிகும் இடத்தில் இல்லை, எழுத்தே தடுமாறுகிறது என்று கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு அவர் நோட்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போக ஆரம்பித்தார். ஏழு பேர் முன்னால் இருந்தால் முகம் தெரிகிறது, 44 பேர் இருந்தால் தலைதான் தெரிகிறது.

ஐந்தே பட்டதாரி ஆசிரியர் இருக்கும் சின்ன உயர்நிலைப் பள்ளியில் எப்படி என்று கேட்பீர்கள். ஆசிரியர் குறைவு என்றால் அறையும் குறைவு. ஐந்து அறைதான் ஓடும். அதில் இரண்டை வாசிப்புக்கும் தானே படிப்பதற்கும் விட்டுவிட்டு, மூன்றில் சின்னக் குழுக்களை வைக்கலாம். உடற்கல்வி ஆசிரியரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவரிடம் பேசுகிற பிள்ளைகள் நம்மிடம் பேசாதவர்கள். ஆனால் அவருடைய பீரியடைத் தொடாதீர்கள். காலிப் பணியிடத்தை நிரப்பாமல் இது முழுதாக நடக்காது என்பதும் உண்மைதான். அதை இந்தக் கடிதத்தின் நகலைப் படிக்கும் துறை அதிகாரிகளுக்கும் சொல்லி வைக்கிறேன்.

துறையிடம் இன்னொன்றும் சொல்ல இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு 2021-இல் இல்லம் தேடிக் கல்வி வந்தது, 2022-இல் சின்ன வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் வந்தது. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளும் அடிப்படையில் தடுமாறுகிறார்கள் என்பதை ஒப்புக்கொண்டு, 2025-இல் ஆறு முதல் ஒன்பது வகுப்புக்குத் 'திறன்' இயக்கம் வந்தது. ஒவ்வொன்றும் நல்ல நோக்கம். நான் சொல்லும் நாற்பது நிமிடம் இந்தத் 'திறன்' வேலைக்கு வசதியான வீடாகவும் இருக்கும். ஆனால் ஒரு பயம் இருக்கிறது. டைம்டேபிளில் ஒரு காலி இடம் தெரிந்தால் சுற்றறிக்கைகள் அதை மோப்பம் பிடித்து வந்துவிடும். திங்கள் உறுதிமொழி, செவ்வாய் விழிப்புணர்வு, புதன் வினாடி வினா, போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடு. தயவுசெய்து அதைக் காலியாகவே விட்டுவிடுங்கள். அதற்கென்று தனிப் பதிவேடும் கேட்காதீர்கள். பதிவேடு எழுதவே அந்த நாற்பது நிமிடம் போய்விடும்.

எங்கள் பள்ளியில் அது என்ன ஆயிற்று என்றும் சொல்லிவிடுகிறேன். அடுத்த மே மாத இடமாறுதல் கலந்தாய்வில் தலைமையாசிரியர் அம்மா சொந்த மாவட்டத்துக்குப் போனார். வந்தவர் நல்ல மனிதர், ஆனால் ரிசல்ட் பயம் அதிகம். ஜூனில் அந்த நாற்பது நிமிடம் பத்தாம் வகுப்புச் சிறப்பு வகுப்பாகியது. மற்ற வகுப்புகளுக்குப் பாடம் ஐந்து நிமிடம் நீண்டது. அந்த ஆண்டு கடைசியில் நான் ஓய்வு பெற்றேன். பூவரசு என்று எழுதிய அட்டை மட்டும் ஒரு கதவில் ரொம்ப நாள் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பையன் பத்தாம் வகுப்புக் கணக்கில் 41 எடுத்தான். இப்போது ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கிறான். பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது வெர்னியர் அளவி பிடித்த கதையைச் சொன்னான், கழித்தல் பற்றி இருவருமே பேசவில்லை.

சார்ட் போடும் நாள் எது என்று சொல்லுங்கள். சுற்று வட்டாரத்தில் எந்தப் பள்ளி என்றாலும் வருகிறேன். பென்சிலும் ரப்பரும் நானே கொண்டுவருவேன், வெள்ளிக்கிழமை கடைசி பீரியடுக்குச் சண்டை வந்தால் அதையும் நானே தீர்த்துவைக்கிறேன். டீ மட்டும் உங்கள் செலவு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு கணக்கு ஆசிரியர்